பால்கோவாவுக்குப் பிறகு குடித்த ஒயின்

எங்கள் மாப்பிள்ளை இத்தாலிக்காரர். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான் எங்கள் மகளோடு முதல் முறையாக ராஜபாளையம் வந்தார். அவருடைய அப்பாவும் வருவதாக இருந்தது. இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் தள்ளிப்போய், மூன்றாவது தேதிக்கு முன்னால் அவர் இறந்துவிட்டார். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் வீட்டுக்கென்று சிவப்பு ஒயின் போடுகிறவர். அவர் கையால் போட்டதில் நான்கு புட்டிகள்தான் மீதி. அதில் ஒன்றை மகன் மூன்று காலுறைகளில் சுற்றி எங்களுக்காகக் கொண்டுவந்திருந்தார்.

புட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இந்த வெயிலில் கெட்டுவிடுமோ என்று ஈரத்துணி சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வந்த நாலாம் நாள் விருந்து. துணி காய்ந்துவிட்டதா என்று அன்று மத்தியானத்துக்குள் மட்டும் ஆறு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"அவனவன் ஒயின் ஷாப் வாசல்ல வெயில்ல நின்னு குடிக்கான். நீங்க என்னடான்னா புட்டிக்குப் பத்துப் போட்டுக்கிட்டு இருக்கிய" என்றாள் மனைவி.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையே புட்டியைத் திறந்து, கண்ணாடி டம்ளர் நான்கில் ஊற்றினார். காலையில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கி வந்த பால்கோவா இலை ஓரத்தில் இருந்தது. விருந்தென்றால் முதலில் இனிப்பில்தான் கை வைக்க வேண்டும். வைத்தோம். மாப்பிள்ளையும் எங்களைப் பார்த்து அப்படியே செய்தார். பிறகு ஒயினைக் குடித்தோம். ஒரே புளிப்பு. அதன் பின்னால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு.

"கெட்டுப்போச்சு போலயே" என்றாள் மனைவி.

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகம் தெரிந்தது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"வழியில சூடு பட்டிருக்குமாம்பா. அவங்க அப்பா போட்டதை தானே கெடுத்துட்டதாச் சொல்லுதாரு."

என் ஈரத்துணிதான் போதவில்லையோ என்று எழுந்து போய் அதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். மனைவி டம்ளரையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சா தண்ணி இனிக்கும்லா? அதே மாதிரி இது கோவா தின்ன வாய் பண்ணுத வேலை. எல்லாரும் வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க."

வந்ததும் ஆளுக்கு நான்கு துண்டு ஆட்டுக்கறிச் சுக்கா வைத்தாள். கொழுப்பாகப் பார்த்து இரண்டு துண்டு தின்றுவிட்டுக் குடித்தேன். துவர்ப்பு கொழுப்பை வழித்துக்கொண்டு போனது. முன்பு தெரியாத பழவாசனை இப்போது வந்தது. மாப்பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவிய அப்பா இதை எதோட குடிப்பாவன்னு கேளு" என்றாள் மனைவி.

மகள் கேட்டுச் சொன்னாள்: "தக்காளி போட்டு வேகவச்ச காட்டுப்பன்னிக் கறியோடயாம்."

"செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் அம்புட்டுப் பன்னி திரியுது. ஆனா தொட்டா ஃபாரஸ்ட்காரவிய மாப்பிள்ளைய ஜீப்புல ஏத்திருவாவன்னு சொல்லு."

மகள் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தார். வந்த நான்கு நாளில் அவர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு கேட்காமலே அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பாவுக்கு ஒரு காது கேட்காதாம். சமைக்கும்போது யாரையும் அடுப்பங்கரைக்குள் விடமாட்டாராம்.

மனைவி மீதியையும் குடித்து டம்ளரை வைத்தாள். "சம்பந்திக்கு நல்ல கைப்பக்குவம்" என்றாள்.

கைப்பக்குவம் என்பதற்கு மகளுக்கு இத்தாலிய மொழியில் சொல் கிடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு ஐந்து வாக்கியம் சொன்னாள். ஐந்தையும் மாப்பிள்ளை தலை குனிந்தபடி கேட்டார்.