பாடாத கச்சேரிக்கு ஒரு விமர்சனம்

எங்கள் செட்டில் இசைப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவன் நான் ஒருவன்தான். கையில் போனை வைத்துக்கொண்டு இவன் புத்தகத்தில் பாட்டுக் கேட்கிறான் என்று நண்பர்கள் ஓட்டுவார்கள். போனில் எவன் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். பத்திரிகைக்காரர் கச்சேரியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுகிறார். அதுதான் என் கட்சி. படித்து முடித்த இதழ்களைத் தெருவில் உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். நான் பாடும் குழுவின் டிரம்மருக்குச் சித்தப்பா மகள் ஒருத்திதான் ஒன்று விடாமல் வாங்கிப் போவாள். இதெல்லாம் நெசமாண்ணே என்று ஒருமுறை கேட்டாள். அதில் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கடற்கரை மேடையில் எங்கள் குழு பாடுவதாக இருந்தது. அதே பத்திரிகையிலிருந்து நிருபர் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் மேடையில் ஒத்திகை பார்த்தபோது படம் எடுத்தார், பாட்டு வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், நாளைக்கு முன்வரிசையில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம், கடலுக்குப் போன வள்ளம் ஒன்று கரை திரும்பவில்லை. டிரம்மரின் சித்தப்பா போன வள்ளம். கடலில் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கள் கரையில் மைக் போடமாட்டார்கள். கல்யாண வீடாக இருந்தாலும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கும் யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்களே ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, தேடப் போகும் படகுகளுக்கு டீசல் கேன் தூக்கப் போனோம். கச்சேரி இல்லை என்று நிருபருக்குப் போனில் சொன்னேன். சரி தம்பி, அப்ப நான் ரயிலைப் பிடிக்கிறேன் என்றார். சித்தப்பாவின் மனைவியும் மகளும் வேம்பார்ப் பக்கம் கரையோரமாகவே விசாரித்துக்கொண்டு போயிருந்தார்கள். வள்ளம் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அடுத்த இதழைப் பழைய பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே பிரித்தேன். எங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கடற்கரையே எழுந்து ஆடியதாம். மூன்றாவது பாட்டை மறுபடி பாடச் சொல்லி ஜனம் விடவில்லையாம். நான் வேறு அதை ஒட்டி நாலு வார்த்தை உருக்கமாகப் பேசினேனாம். இத்தனை வருஷம் நான் படித்து, நம்பி, நாலு பேரிடம் சண்டை போட்ட கச்சேரிகளில் எத்தனை இப்படி நடக்காதவையோ. கேனப்பயலாக்கிவிட்டார்கள்.

பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டேன். ஆசிரியர் தன்மையாகத்தான் பேசினார். பக்கத்தை முன்னாடியே முடித்து வைத்தாகிவிட்டது, மாற்ற நேரமில்லை என்றார். அன்றைக்கு ஓர் ஆளைக் கடலில் தேடிக்கொண்டிருந்தோம், திருத்தமாவது போடுங்கள் என்றேன். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை.

"பாராட்டித்தானே தம்பி எழுதியிருக்கோம்? படிக்கிற பசங்க யாரும் அங்க வந்து பாக்கப் போறதில்லையே."

படிக்கிற பிள்ளை ஒருத்தி இங்கேயேதான் இருந்தாள். கல்லூரியில் யாரிடமோ அந்த இதழை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கப்பாவத் தேடிக்கிட்டுக் கெடந்த அன்னைக்கு நீங்க பாடுனியளாண்ணே?"

இல்லை என்றேன். மைக்கே போடவில்லை, உன் அண்ணனைக் கேட்டுப் பார் என்றேன். அவள் அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பின்னால் அவளுடைய அண்ணன் டிரம்ஸ் குச்சியை ஓங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே 'திருவிழா இரவில்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அது முந்தின நாள் ஒத்திகையில் எடுத்தது என்று சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எவ்வளவு சொன்னாலும் என் காதுக்கே அது சால்ஜாப்பு மாதிரிதான் கேட்டது. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அதுல போட்டா சரியாத்தான் இருக்கும்னு நீங்கதானண்ணே சொன்னிய."