அண்ணனுக்கு ஒரு சொல்

சுனாமி வந்து போன சில மாதங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இடையஞ்சாவடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிப் போட்டிருந்த தகரக் கொட்டகைகளுக்கு ஜீப்பில் வருவார். கடலுக்கு ஆளைக் கொடுத்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவார். அவர் பேச்சை எங்கள் ஜனங்களுக்கும், இவர்கள் பேச்சை அவருக்கும் நான் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் கரஸ்பாண்டன்ஸில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகச் சுமக்கிற வேலையை எனக்குப் போய்க் கொடுத்தார்கள் பாருங்கள்!

எங்கள் வீட்டிலும் அண்ணனைக் காணோம். அலை வந்த அன்று காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான் தெரியும். அதை நான் அந்தம்மாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் நாளே சொதப்பினேன். முதல் கொட்டகையில் இருந்த அக்கா, "எங்க வூட்டுக்காரரக் காணோம்மா" என்றார். பேனா காணாமல் போனால் 'லாஸ்ட்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதையே சொல்லிவைத்தேன். வெள்ளைக்காரம்மா அந்த அக்காவைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா உதறிக்கொண்டு எழுந்து என்மேல் பாய்ந்தார்.

"ஏம்மா, எதுக்கு இது எழவு வூட்ல அழுவுற மாதிரி அழுவுது? அவரு செத்துட்டாருன்னா சொன்னே? காணோம்னுதானே நான் சொன்னேன்!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. திரும்பும் வழியில் அந்தம்மா விளக்கினார். பேனாவுக்கு 'லாஸ்ட்' சரி. புருஷனையோ பிள்ளையையோ அப்படிச் சொன்னால், செத்துப்போனதை மெதுவாகச் சொல்வதாக அர்த்தம். எங்கேயாவது இருப்பார், வந்துவிடுவார் என்று வீட்டார் காத்திருந்தால் அது 'மிஸ்ஸிங்'.

அதற்கப்புறம் ஒவ்வொரு கொட்டகையிலும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் ஜனங்கள் எல்லாருக்கும் 'காணோம்' ஒன்றுதான் வாயில் வரும். அதனால் உள்ளே நுழைந்ததும் கண்ணை ஓட்டுவேன். மூலையில் விளக்கு ஏற்றியிருந்தால் லாஸ்ட். நிவாரணத்துக்கு வந்த பழைய துணியில் அவருக்கென்று ஒரு சட்டையைப் பொறுக்கி எடுத்து மடித்து வைத்திருந்தால் மிஸ்ஸிங். ஒரு கொட்டகையில் விளக்கும் இருந்தது, சட்டையும் இருந்தது. அங்கே நான் இருமுவது போல் நடித்துத் தண்ணீர் கேட்டேன்.

அத்தனை பேர் நடுவிலும் நான் ஒத்தையாகத்தான் இருந்தேன். அவர்கள் அந்தம்மாவோடு பேசினார்கள், அந்தம்மா அவர்களோடு பேசினார். எல்லாம் என் வாய் வழியாகப் போனது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை முடிந்து உப்பளத்து வரப்பில் தனியாக நடந்து வருவேன். அந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பாத்திகளில் உப்பு இல்லை, வெறும் சேறு. யாராவது எதிரே வந்து 'என்னம்மா, எப்படி இருக்கே' என்று கேட்கமாட்டார்களா என்று ஏங்குவேன்.

வீட்டில் அம்மாவிடமும் பேச முடியாது. அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே தவறிவிட்டார்; இருப்பது நாங்கள் இரண்டு பேர். அம்மா மூன்று தட்டு வைப்பாள். நான் ஏதாவது சொல்ல வந்தால் போதும், "வாயைக் கழுவுடி! எம்புள்ள எங்கனா கரையேறி இருப்பான்" என்பாள்.

வெள்ளைக்காரம்மா தன் நாட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. வழியனுப்ப ஜனங்கள் கூடியிருந்தார்கள், அம்மாவும் வந்திருந்தாள். ஜீப்பில் ஏறப் போனவர் நின்று, உன் வீட்டில் யார் யார் என்று இங்கிலீஷில் கேட்டார். இத்தனை மாதம் கழித்து! இப்போதுதான் தோன்றியதா என்று சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா, நான் என்று சொல்லி நிறுத்தினேன். நின்ற இடத்திலிருந்தே மனசுக்குள் எங்கள் வீட்டிலும் கண்ணை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு இல்லை. டிரங்குப் பெட்டிமேல் அண்ணனுக்காக அம்மா எடுத்து வைத்த நீலச் சட்டை இருந்தது. நான் வைத்திருந்த கணக்குப்படி அது மிஸ்ஸிங்.

"ஐ லாஸ்ட் மை பிரதர்" என்றேன்.

அத்தனை பேர் முன்னால், அம்மா பக்கத்தில் நிற்க, சொல்லிவிட்டேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. தமிழாக இருந்தால் என் உயிரே போனாலும் வந்திருக்காது. அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டார். நான் உதறவில்லை. விக்கி விக்கி அழுதேன்.

அம்மா என் முதுகைத் தடவினாள். "ஏண்டி, அந்தம்மா ஊருக்குப் போவுதுன்னா இப்படியா அழுவே? திரும்பி வரும்டி."

அன்று சாயங்காலமும் அம்மா மூன்று தட்டு வைத்தாள். "அண்ணனுக்கு மீன்ல நடுத்துண்டு வச்சிருக்கேன், கை வைக்காதே" என்றாள். நான் கை வைக்கவில்லை. அந்த வீட்டில் அண்ணன் செத்துப்போயிருந்தான், எனக்கு மட்டும்.