ஈரத்தோடு மடித்த சட்டை

ரத்தக்கறை ஆராயும் நிபுணருக்கு எங்கள் காவல் நிலையத்தில் ‘பல்லி’ என்று பெயர். எந்நேரமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு துளிக்கும் நூல் பிடித்துக் கோணம் அளப்பார். “தள்ளி நில்லுய்யா, மிதிக்காதே!” என்று எல்லோர் முன்னாலும் கத்துவார். இருபது வருட சர்வீஸ் போட்ட ஏட்டு நான். எனக்கு நடக்கச் சொல்லித் தருகிறாராம்! “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி” என்று அவர் காதுபடவே சொல்வேன். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

தையல்கடைக்காரரை யாரோ இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கடையில் சண்டைச் சத்தம் கேட்டதாகப் பக்கத்துக் கடைக்காரன் சொல்ல, பிணத்தருகே இருந்த அவர் தங்கை புருஷனைப் பிடித்தோம். அவன் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டேன். மறுநாள் பிரித்தால் முதுகிலும் ரத்தம். ஓங்கி அடிக்கிறவன் முதுகில்தான் அப்படித் தெறிக்கும். “மச்சானைத் தூக்கினேன் சார், அப்போ ஒட்டினது” என்று அழுதான். “தூக்கினா முதுகுல எப்படிடா வரும்?” என்று ஓர் அறை விட்டேன். அவன் மனைவியிடமும் சொன்னேன்: “உன் புருஷன்தாம்மா உங்க அண்ணனைக் கொன்னது. சட்டையே சாட்சி.”

பையைப் பல்லிக்கு அனுப்ப வேண்டும். அவர் மூஞ்சியில் யார் முழிப்பது என்று பீரோவிலேயே போட்டுவைத்தேன். நீதிமன்றம் கேட்ட பிறகுதான் அனுப்பினேன். அதற்குள் ஏழு மாதம்.

நான்காம் நாள் சட்டையோடு வந்து நின்றார்.

“இதை மடிச்ச மகராசன் யாரு?”

“நான்தான். அதுக்கென்ன இப்போ?”

“ஈரத்தோட மடிச்சிருக்கே. முன்பக்கக் கறை முதுகுல ஊறி, அச்சு எடுத்த மாதிரி இருக்கு. தெறிச்சிருந்தா பொட்டுப் பொட்டா இருக்கும். காயவெச்சுத் தாள்ல சுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டியா?”

அவர் விடவில்லை.

“அன்னிக்குக் கடைச் சுவர்ல இருந்து நான் பிடிச்ச நூலெல்லாம் தரைக்கு ஒரு அடி மேல கூடுது. விழுந்து கிடந்தவரை அடிச்சிருக்கான். அடிச்சவன் காலெல்லாம் தெறிச்சிருக்கும். இவன் பேண்ட்ல ஒரு பொட்டு இல்ல. சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னானே பக்கத்துக் கடைக்காரன், அவன் ஷூவைப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தோம். துடைத்துத்தான் வைத்திருந்தான், தையல் இடுக்கில் மிச்சம் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, அந்த ஆள் சொன்னது சரியாகப் போனதுதான் எனக்கு எரிந்தது.

விடுதலை உத்தரவைச் சொல்லத் தங்கை புருஷன் வீட்டுக்கு நான்தான் போனேன். மனைவி கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“ஏழு மாசம் சார். ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கல. கடுதாசி போட்டார், பிரிக்காம அடுப்புல போட்டேன். நீங்க சொன்னீங்களே, சட்டையே சாட்சின்னு.”

நாளைக்குக் காலையில் அவன் வந்துவிடுவான் என்றேன்.

“வரட்டும்,” என்றாள். “நாளைக்கு நீங்களே உள்ள வந்து நில்லுங்க. நான் ஏன் பார்க்க வரலைன்னு அவர்கிட்ட நீங்க சொல்லுங்க.”