ஒட்டிப்போன பின்பக்கம்

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இலங்கையில் கடை வைத்திருந்த நம் கடற்கரை ஊர்க்காரர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்? இதுதான் என் ஆய்வு. அரசியல் நிர்ணய சபை விவாதங்களைக் கணினியிலேயே படித்துவிடலாம். அங்கே பேசியவர்கள் யாரும் தொண்டியில் தோணி ஏறியவர்கள் இல்லை. ஏறியவர்களின் காகிதங்கள் வீட்டு பீரோக்களில் கிடந்தன. பழைய காகிதம் என்றால் எனக்குப் பசி தூக்கம் தெரியாது.

அப்படித்தான் தொண்டியில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எழுபதை நெருங்கியவர். அவருடைய வாப்பா கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவர். தேநீர் கொடுத்துவிட்டு, லேமினேஷன் செய்த அட்டை ஒன்றை எடுத்துவந்தார். ஒரு பக்கம் வாப்பாவின் பயண அனுமதிச் சீட்டு, மறுபக்கம் வீட்டுப் பத்திரம். துபாய்க்குக் கிளம்பிய மகன் தன் சான்றிதழ்களோடு இவற்றையும் கடைக்குக் கொண்டுபோய், முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறையில் ஒட்டி வாங்கிவந்திருக்கிறார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் வீடுகளில் லேமினேஷனுக்குத் தப்பிய காகிதம் குறைவு.

சீட்டின் முன்பக்கத்தில் புறப்பட்ட முத்திரை மட்டும் இருந்தது. அது சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு. திரும்பிய முத்திரை பின்பக்கத்தில் இருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. இதை மட்டும் பார்த்தால் வாப்பா அன்று நாட்டிலேயே இல்லை என்றாகிறது என்று உளறிவிட்டேன்.

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நாங்க இந்த ஊருக்காரங்க இல்லைனு சொல்லீருவாகளா, தம்பி?"

இங்கே பிறந்து, இங்கே வீடு வைத்திருந்தவர் வியாபாரத்துக்குப் போய்வந்ததால் குடியுரிமை போகாது என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் நாளை குடியுரிமைக்குக் காகிதம் கேட்டு வரும் அதிகாரி இதையெல்லாம் படித்திருப்பானா என்ற பயம் எனக்கே வந்தது.

அவர் உள்ளே போய் ஒரு பிளேடோடு வந்தார், பிரித்துப் பார்க்கச் சொன்னார். பிரித்தால் பிளாஸ்டிக்கோடு எழுத்தும் உரிந்துவரும், பத்திரமும் கிழியும். வேண்டாம் என்று தடுத்தேன். தடுக்கும்போதே, அவர் என் பேச்சைக் கேட்காமல் பிரித்துவிடமாட்டாரா என்று ஒரு கணம் ஆசைப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"நீங்க வாரதுக்கு முந்தி அது வாப்பா நெனப்புக்கு வச்சிருந்த காயிதம். இப்ப பீரோவத் தொறக்கவே பயமா இருக்கு, தம்பி."

ஆய்வேட்டில் அந்தச் சீட்டை நான் சேர்க்கவில்லை. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். இப்போதும் வாரம் ஒருமுறை அழைத்து, அந்தச் சீட்டைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரிக்கிறார்.