காஞ்ச புதினா தொவையலு

அதை உடுடி, மேலத்தெரு மருமவ சண்டைய அப்புறம் பேசிக்கலாம். நீ உங்க அம்மா ஊருக்குப் போயிருந்தியே, அந்த மழையில நான் பட்ட பேஜாரு உனக்குத் தெரியாது. எங்க ஊட்டுக்காரருக்கு ஜுரம் வந்துச்சா? ஜுரம் போயிடுச்சி, போவும்போது நாக்கு ருசியையும் கொண்டுக்கினு போயிடுச்சி. எது குடுத்தாலும், "மண்ணு மாதிரி கீது, எடுத்துக்கினு போ"ம்பாரு. மல்லாட்டய உடைச்சி, பருப்ப வறுத்து சட்னி அரைச்சேன், மண்ணு. கருவாட்டுக் கொழம்பு வெச்சேன், அதுவும் மண்ணு. கருவாட்ட வாணாம்னு சொல்ற ஆம்பளைய இந்தத் தெருவுல பாத்துகிறியா நீ? அஞ்சு நாளா வெறும் தண்ணிதான். விழுப்புரம் டாக்டரு, நாளைக்கும் சாப்பிடலன்னா பெட்டுல சேத்து மூக்குல டியூப்பு போடணும்னுட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம், "புதினா தொவையலு இருந்தா ஒரு வாய் பாக்குறேன்"னாரு. மழையில புதினாவெல்லாம் அழுகிப்போச்சே! வளவனூர் கடைத்தெரு முழுக்க நனைஞ்சிக்கினே சுத்தனேன், ஒரு கட்டு கெடைக்கல. திண்டிவனத்துல இருக்கிற பொண்ணுக்குப் போனு போட்டேன். "இங்கயும் இல்லம்மா. காலையில நானே வந்து ஆஸ்பத்திரியில சேக்குறேன்"னு அழுவுறா.

அப்பதான் ஞாபகம் வந்துச்சி. துணி விக்க வர்ற கோட்டக்குப்பம் பாயம்மா, மவன் துபாய்லேர்ந்து அனுப்பிச்சதுன்னு காஞ்ச புதினா ஒரு கவரு குடுத்திருந்தாங்க. கவரு மேல என்னாவோ எழுதியிருந்துச்சி, எனக்கு எங்க படிக்கத் தெரியுது? பச்சப் புதினான்னா ரெண்டு கை போடுவோம். அதே ரெண்டு கைய அள்ளி காயுற எண்ணெயில போட்டேன். கண்ண மூடித் தொறக்கல, கருகிடுச்சி. மிக்ஸில அரைச்சி நாக்குல வெச்சா, கசப்புன்னா கசப்பு! வேற புதினா ஒரு சிட்டிகை இல்ல. அடுப்பாண்டயே குந்திக்கினு அழுதேன்டி. அப்புறம், அவருக்குத்தான் எதுவும் தெரியலையே, மண்ணோட மண்ணா எறங்கட்டும்னு கஞ்சிக்குத் தொட்டுக்க வெச்சேன்.

வாயில வெச்சாரு. மூஞ்சி அப்படியே கோணிக்கிச்சி. தூன்னு துப்பிட்டு, "இன்னாடி இது, வேப்பெண்ணெய ஊத்தி அரைச்சியா? நாப்பது வருசமா ஆக்குற, ஒரு தொவையலு வரல உனக்கு"ன்னாரு.

"கசக்குதா? நெசமா கசக்குதா?"

"லூசாடி நீ? இன்னாத்துக்கு சிரிக்கிற? ஊறுகாய எடு, வாயெல்லாம் கசக்குது."

ஊறுகாயத் தொட்டுக்கினு ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சாருடி! காலையில பொண்ணு பையத் தூக்கிக்கினு ஓடியாந்தா, இவரு அவகிட்ட என் சமையலப் பத்தி புகாரு சொல்லிக்கினு இருக்காரு. திட்டட்டுமே, எனக்கு இன்னா...

இரு, "கொழம்பு ஆச்சா"ன்னு கத்துறாரு பாரு. மீனு இன்னும் ஆயாம கீது, பூனை வேற சுத்துது. நான் போறேன்.