கொல்லிமலை ஏறிய சுவர்க் கடிகாரம்

தேக்கு பாலிஷ் வாசனை... அந்தக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

கல்யாணமான புதிது. அவருக்கு மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பேளுக்குறிச்சியிலிருந்து புறப்படும்போது அப்பா சீராகக் கொடுத்தது ஒரு பெண்டுலம் கடிகாரம். தலையில் பூவேலைப்பாடு, கண்ணாடிக் கதவு. பழைய சேலையில் சுற்றியிருந்தேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கழற்றிய பெண்டுலம் அவருடைய சட்டைப் பையில்.

வாடகை வீட்டில் கல் சுவர். மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்ததும் அந்த வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது. ஆனால் கடிகாரம் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். தினமும் ஆட்டிவிடுவேன். தினமும் நிற்கும்.

வெளியே மழையும் பனிமூட்டமும். அவர் பள்ளிக்கூடம் போய்விட்டால் பேச ஆளில்லை. வந்தாலும் பேசமாட்டார். சுபாவமே அப்படி.

ஒரு சாயங்காலம் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க... நான் எங்க ஊட்டுக்கே போயிடறனுங்க. இங்க கடிகாரங்கூட ஓட மாட்டேங்குது."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கடிகாரப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் ஒரே சீரா வரல... நொண்டுது. செவுரு கோணல். நீயும் வந்து கேளு, கண்ணு."

கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நானும் ஏறிக் காதை வைத்தேன். அவர் பெட்டியின் அடியை மெல்ல நகர்த்தினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சமுங்க..."

"இப்ப?"

"ஆமாங்க. சரியாயிருச்சுங்க."

தீப்பெட்டி அட்டையை மடித்துப் பின்னால் செருகினார். அப்புறம் அது நிற்கவில்லை. நானும் ஊருக்குப் போகவில்லை.

மணி அடிக்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, உங்கூட்டுல கோயில் மணி கேக்குது?" அதைப் பார்க்கவே பெண்கள் வந்துபோனார்கள். வந்தவர்களோடு பழகித்தான் மலை எனக்குச் சொந்த ஊரானது.

இப்போது ராசிபுரத்தில் இருக்கிறோம். பழைய கடிகாரம் மகன் வீட்டில் அழகுக்காகத் தொங்குகிறது. யாரும் சாவி கொடுப்பதில்லை. எங்கள் ஹாலில் மகள் வாங்கித் தந்த தோகை விரித்த மயில் கடிகாரம். அழகுதான். நேரம் பார்க்க முள்ளைத் தேட வேண்டும். சத்தமே கிடையாது.

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அன்றைக்கு வாயே திறக்காத மனுஷன், இன்றைக்குக் காலை காபியில் ஆரம்பித்தால் ஓயாமல் பேசுகிறார்...

மத்தியானம் அவர் கண் அயரும்போதுதான் வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது. காது அந்தப் பழைய டிக் டிக்கைத் தேடுகிறது.