யார் யாரை விட்டது

ஒத்தக்கடையில் ஒரு செல்போன் கடை மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். ஒரு நர்ஸ், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், காலேஜ் முடித்தும் இன்டர்வியூவில் வாய் திறக்காத பிள்ளைகள். அன்றைக்குப் பாடம், முடிந்துபோவதைச் சொல்லும் வினைச்சொற்கள். ஃபேட், வேனிஷ், டிஸ்ஸால்வ், பெரிஷ், பிரேக் அப் என்று போர்டு நிறைய எழுதிவிட்டேன்.

"எதுக்கு மிஸ் இம்புட்டு? நம்மூர்ல எல்லாத்துக்கும் 'போச்சு'ன்னா சோலி முடிஞ்சுச்சு" என்றார் சேல்ஸ்மேன். கரண்ட் போச்சு, வேலை போச்சு, மானம் போச்சு. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தப் 'போச்சு' ஆகவே ஆகாது. வாழ்க்கை போச்சு, வாழ்க்கை போச்சு என்று சொந்தக்காரர்கள் என் காதுபடப் பேசிக் கேட்டவள் நான். போக்கியது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சேலைச் சாயம் வெளுப்பது ஃபேட், வெயில் பார்த்துக்கொள்ளும், சேலை சும்மா கிடந்தால் போதும் என்றேன். காலைப் பனி காணாமல் போவது வேனிஷ். 'ஐ பிரோக் இட்' என்று சொல்லிப் பாருங்கள், கை வைத்தவர் எங்கேயும் ஒளிய முடியாது என்றேன். அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதற்கு முந்தின மாதம்தான் எனக்குக் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்திருந்தது. வழக்குப் போட்டது நான். கை நீட்டுகிற மனிதரோடு குடும்பம் நடத்த முடியாது என்று, சமயநல்லூர்ப் பக்கம் இருந்த அந்த வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் நான். உத்தரவில் திருமணம் 'டிஸ்ஸால்வ்டு' என்று இருந்தது. தானாகக் கரைவதற்கு அது என்ன சர்க்கரையா? பல்லைக் கடித்துக்கொண்டு நான் பிய்த்துக்கொண்டு வந்தது அது. ஆனாலும் தொலையட்டும் என்று, தல்லாகுளத்தில் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மாவோ போனில் எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். "எம் மகள அவன் விட்டுட்டான்." நான்தானம்மா விட்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "பொம்பள விட்டுட்டாள்னு எப்படிடி சொல்றது? கேக்குறவுக என்ன நெனைப்பாக" என்பாள்.

கோர்ட் தீர்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு அது தீர்ந்ததாகாது. இரண்டு பக்கத்து உறவும் கூடியிருக்க, ஆண்பிள்ளை ஒரு வைக்கோல் துரும்பை முறித்துப் பாதியைப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்து முந்தானையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதோடு அவளை அவன் தள்ளி வைத்தாயிற்று என்று கணக்கு. என் வீட்டுக்காரராக இருந்தவருக்கு வேறு பெண் பார்த்திருந்தார்கள். துரும்பு முறிக்காமல் பெண் தரமாட்டோம் என்று அந்தப் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்களாம். "ஞாயித்துக்கிழம ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று அவர் வீட்டிலிருந்து அம்மாவிடம் ஆள் விட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோர்ட் வரைக்கும் ஏறி வாங்கியதை விட்டுவிட்டு, தள்ளி வைக்கப்பட்டவளாக அந்த வாசலிலிருந்து நான் இறங்கி வரவேண்டுமாம். போகமாட்டேன் என்றேன். அம்மா அழுதாள். கடைசியில், "சரி வாரேன், ஆனா குனிய மாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அப்புறம்தான் துரும்பு இல்லை என்று ஞாபகம் வந்தது. இப்போது மெஷின் அறுத்து, வைக்கோலை உருட்டிக் கட்டி, களத்திலிருந்தே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மாடு இல்லாத வீட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? ஆளாளுக்குத் தேடிவிட்டு, புதிதாகக் கட்டிய விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தார்கள். ஈரம்கூடக் காயாத பச்சை ஈர்க்கு.

அவர் முறித்தார். அது வளைந்தது. மடக்கிப் பார்த்தார், நார்நாராகப் பிரிந்ததே தவிர முறியவில்லை. "மாப்ள, காலைல சாப்ட்டியா இல்லையா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. அவருடைய பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"சாமிக்கே சம்மதமில்ல போல. பிரியாதீகன்னு சொல்லுது" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏத்தா, பழசயெல்லாம் விட்டுத் தள்ளு. உள்ள போயி வெளக்கேத்து" என்றார்.

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அம்மாவின் முகத்தில்கூட ஒரு நப்பாசை வந்து போனதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் என்னைக் கையைப் பிடித்து அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

எழுந்து போய் அவர் கையிலிருந்த ஈர்க்கைப் பிடுங்கினேன்.

"பொம்பள தொடக்கூடாதுத்தா" என்றார் பெரியப்பா.

"இந்த வீட்டத் தெனமும் கூட்டுனது யாரு மாமா? இது எங் கைக்குப் பழகுன சாமான்தான்."

பச்சை ஈர்க்கை மடக்கினால் வராது, திருக வேண்டும். இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துத் திருகினேன். விரலை அறுத்தது. விடாமல் திருகினேன். இரண்டாக வந்தது. ஒரு பாதியை அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. நான் முறிச்சுட்டேன்."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மரத்தைப் பார்த்தார். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டார்.

ஒருவரும் எங்களைக் காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீடு போனதும் கச்சேரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் என் கையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கசிந்த விரலைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது. சித்தி. ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குக் கேட்கிற குரல் சித்திக்கு.

"என்னக்கா, துரும்பக் குடுத்து அத்து விட்டானா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவின் பழைய பாட்டை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

"அவன் எங்க விட்டான்?" என்றாள் அம்மா, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "எம் மகதான் அவன விட்டுட்டா."